ஒரு டாக்குக்கு ஒரே சாவி

எங்கள் கிடங்கில் லாரிகள் வந்து சரக்கு இறக்கும் மேடைகளை டாக் என்போம்; மேடைக்கும் வண்டிக்கும் நடுவே பாலமாகும் இரும்புத் தகடு லெவலர். நாலாம் டாக்கின் லெவலர் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு சிராய்ந்துபோன தழும்பு ஒன்று இருக்கிறது. கிரைண்டர் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லோடு இறக்கி முடியும்வரை வண்டி நகராமல் பிடித்து வைக்கும் இந்தப் பூட்டு வேலையைப் புதிதாக வேலைக்குச் சேரும் யாருக்கும் விளக்க அதுதான் எனக்கு முதல் பாடம்.

ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஆறு டாக். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களிலிருந்து மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து நாற்பதடி கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரும். நடுவே பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர லாரிகளும் வரும். வண்டி ரிவர்ஸில் வந்து ரப்பர் பம்பரில் முட்டி நிற்கும். லெவலரைத் தூக்கி, அதன் நாக்கு மாதிரியான லிப்பை வண்டியின் தளத்தில் படிய விடுவோம். அந்தப் பாலத்தின் மேல்தான் போர்க்லிப்ட் உள்ளே போய் வரும்.

அன்று இரண்டாம் ஷிப்ட், ராத்திரி பத்தரை இருக்கும். மூன்றாம் டாக்கில் லோடு இறக்கி முடித்து ஷட்டரைப் படாரென்று இறக்கினார்கள். நாலாம் டாக்கில் நின்ற ட்ரெய்லரின் டிரைவர் சீட்டிலேயே அரைத் தூக்கத்தில் இருந்தவர். சத்தத்தைக் கேட்டதும் தன் வண்டி முடிந்துவிட்டது என்று கியரைப் போட்டு நகர்த்திவிட்டார். அதே நேரம் போர்க்லிப்ட் ஓட்டும் தம்பி அடுத்த பேலட்டை எடுக்க லெவலர் மேல் ஏறியிருந்தார். பிடிமானம் போனதும் லிப் மடங்கிக் கீழே தொங்கியது. முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில். அடிப்பாகம் லெவலர் விளிம்பில் உரசி உட்கார்ந்ததால் வண்டி அங்கேயே நின்றது. டாக்கின் தரை யார்டிலிருந்து நாலடி உயரம். போர்க்லிப்டின் சொந்த எடையே நாலு டன். லெவலர் சிலிண்டரில் எண்ணெய் திடீரென்று வேகமாக வெளியேறினால் அடைத்துக்கொள்ளும் வால்வு ஒன்று உண்டு. அது வேலை செய்ததால் மேடை குழிக்குள் சரியவில்லை. தம்பி சீட் பெல்ட் போட்டிருந்தார். தோளில் வீக்கத்தோடு போயிற்று.

டிரைவருக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "ஷட்டர் சத்தம் கேட்டுச்சுண்ணே, நம்ம டாக்குதான்னு நெனச்சுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் நாளிலிருந்து துறைமுக வரிசையில் நின்றுவிட்டு வந்த மனிதர். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முடிந்ததும் ஒருவர் போய்க் கேபின் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் முறை. அந்த முறை முழுக்க ஒருவர் சொல்வதையும் இன்னொருவர் கேட்பதையும் நம்பி நிற்கிறது.

சக்கரத்துக்குக் கட்டை போட்டிருந்ததா என்று கேட்பீர்கள். போட்டிருந்தது. கிளீனர் அதைச் சக்கரத்துக்கும் டாக்குக்கும் நடுவில், பின்பக்கம் போட்டிருந்தார். டாக்கில் முட்டி நிற்கிற வண்டி பின்னால் எங்கே போகும்? அது நகர்ந்தால் முன்னால்தான் நகரும். கட்டை பின் சக்கரத்தின் முன்பக்கம் இருக்க வேண்டும். மலைப்பாதையில் பின்னால் உருளாமல் கட்டை வைத்துப் பழகிய கை, இங்கேயும் அப்படியே வைத்துவிட்டது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, போர்க்லிப்ட் லாரிக்குள் ஏறும் முன் பிரேக் போட்டிருக்க வேண்டும், பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. சரியான விதிதான். ஆனால் ஈரக் கான்கிரீட்டில் ரப்பர் கட்டை வழுக்கும். இஞ்சின் இழுத்தால் கட்டையின் மேல் ஏறியே வண்டி போய்விடும்.

டிரைவர் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் இன்னொன்று நடந்துகொண்டே இருக்கும். போர்க்லிப்ட் ஒவ்வொரு முறை உள்ளே போய் பிரேக் அடிக்கும்போதும் ட்ரெய்லர் கொஞ்சம் கொஞ்சமாக டாக்கை விட்டு விலகும். நான் ஒரு மத்தியானம் பம்பருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காத ஒரு வண்டி இருபது பேலட் இறக்குவதற்குள் மூன்று விரல் அளவு விலகியிருந்தது. லிப் வண்டிக்குள் ஒரு கையளவாவது உட்கார்ந்திருக்க வேண்டும், நாங்கள் 100 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறோம். அதில் மூன்று விரல் போனால் மீதி என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்டலாக்கில் பார்த்தது கொக்கிதான். டாக்கின் அடியிலிருந்து ஒரு இரும்புக் கொக்கி எழுந்து, வண்டியின் பின்னால் இருக்கும் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மில்வாக்கியின் ரைட்-ஹைட் நிறுவனம் 'டாக்-லாக்' என்று விற்பது இந்த வகை. அமெரிக்காவில் அது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. 1998-க்குப் பிறகு அங்கே தயாரான பெரும்பாலான ட்ரெய்லர்களில் அந்தக் கம்பி தரையிலிருந்து 560 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உறுதியும் இவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரிலும் அந்தக் கம்பிக்கு ஐஎஸ் 14812 என்று இந்தியத் தரம் இருக்கிறது. ஆனால் யார்டுக்கு வருகிற வண்டியைப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். இரண்டு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு வெயிலில் நின்று இருபத்து மூன்று வண்டிகளை அளந்தேன். ஒன்றில் கம்பி முழங்காலுக்குக் கீழே, இன்னொன்றில் தொடை உயரத்தில். நாலைந்தில் ஏதோ ஸ்பீட் பிரேக்கரில் இடித்து உள்ளே மடங்கியிருந்தது. இரண்டில் வெறும் பைப்பை வெல்டிங் வைத்திருந்தார்கள். அதைக் கொக்கி பிடித்தால் கொக்கி நிற்கும், பைப் கழன்று போகும். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் காற்றுக் குழாய்ப் பூட்டு. பிரிட்டனில் காஸ்டெல் நிறுவனம் 'சால்வோ' என்ற பெயரில் செய்வதைப் பார்த்துத்தான் இந்த வழி புரிந்தது. ட்ரெய்லருக்கும் இழுவை வண்டிக்கும் நடுவே இரண்டு காற்றுக் குழாய்கள் போகும். மஞ்சள், பிரேக் மிதிக்கும்போது சேதி கொண்டுபோவது. சிவப்பு, ட்ரெய்லர் டேங்குக்குக் காற்று நிரப்புவது. சிவப்பைக் கழற்றினால் ட்ரெய்லரின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஓடும்போது வண்டி அறுந்து போனால் ட்ரெய்லர் நிற்கட்டும் என்பதற்காக வைத்த அமைப்பு. அதையே டாக்கில் பயன்படுத்திக்கொள்கிறோம். டிரைவர் சிவப்புக் குழாயைக் கழற்றியதும், ட்ரெய்லர் பக்கம் உள்ளங்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கப்ளிங்கின், அதாவது குழாய் மாட்டும் முனையின் மேல் நம் பூட்டை மாட்டித் திருகுகிறோம். இனி அந்தக் குழாயை மறுபடி மாட்ட முடியாது.

இதில் உயிர்நாடி பூட்டு அல்ல, சாவி. பூட்டைத் திருகினால்தான் சாவி அதிலிருந்து வெளியே வரும். அந்தச் சாவியை உள்ளே கொண்டுபோய் டாக் பக்கத்துப் பெட்டியில் போட்டுத் திருகினால்தான் ஷட்டரும் லெவலரும் இயங்கும். திருகியதும் சாவி அங்கே சிக்கிக்கொள்ளும். ஷட்டர் முழுக்க இறங்கி, லெவலர் தன் இடத்தில் படுத்த பிறகுதான் அது விடுபடும். ஆக, ஷட்டர் திறந்திருக்கும்வரை சாவி உள்ளேதான் இருக்கும்; சாவி உள்ளே இருக்கும்வரை ட்ரெய்லர் நகராது. யாரும் யாரிடமும் எதையும் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஹைவோல்டேஜ் பேனல்களில் எர்த் சுவிட்சைப் போடாமல் கதவைத் திறக்க முடியாதபடி இதே சாவி முறையை வைத்திருப்பார்கள். எலக்ட்ரீஷியன்களுக்கு இது புதிதல்ல.

பெட்டிக்குள் போகும் சிலிண்டர் பூட்டுகளை ரெடிமேடாக வாங்கினோம். கப்ளிங்கில் மாட்டும் உடலை மட்டும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் செய்யச் சொன்னேன். முதலில் செய்ததை எம்.எஸ். என்னும் சாதா இரும்புக் கட்டையில் குடைந்தோம். இரண்டரைக் கிலோவுக்கு மேல் வந்துவிட்டது. மூன்றாவது நாளே ஒரு பழைய ட்ரெய்லரில் கப்ளிங் நிற்கும் தகடு எடை தாங்காமல் வளைந்தது. டிரைவர் கோபப்பட்டது நியாயம். நாங்களே நிமிர்த்தி ஒரு தாங்கியும் வெல்டிங் வைத்துக் கொடுத்தோம். இரண்டாவது முறை அலுமினியம், நாக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ். ஒரு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு ஸ்பிரிங் பின் இருக்கிறது. கப்ளிங் உள்ளே வந்து அந்தப் பின்னை அமுக்கினால்தான் சாவி திரும்பும். இல்லாவிட்டால் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு போய்விடலாமே! பட்டறைப் பெரியவர் அந்தப் பின்னின் முனையை மட்டும் அரைமணி நேரம் கையாலேயே உருட்டித் தேய்த்தார். "கூரா இருந்தா ரப்பர் வாசரைக் கிழிச்சிடும் தம்பி, அப்புறம் ரோட்டுல காத்து ஒழுகும்" என்றார். நான் வரைந்து கொடுத்த படத்தில் அது இல்லை. இந்த மாதிரி விஷயங்கள் படத்தில் ஒருபோதும் வராது.

ஒயரிங் 24 வோல்ட் டிசி. லெவலர் பேனலிலேயே வெளி இன்டர்லாக்குக்கு, அதாவது இந்த மாதிரி பூட்டுச் சர்க்யூட்டை இணைக்க ஒரு டெர்மினல் கொடுத்து, அதைச் சின்ன ஒயரால் ஷார்ட் செய்து அனுப்பியிருப்பார்கள். அந்த ஒயரை எடுத்துவிட்டு நம் சாவியின் கான்டாக்ட்டை நுழைத்தேன். ஷட்டர் மோட்டாரின் 'மேலே' பட்டனுக்கும் அப்படியே. சாவியைப் பிடித்து வைப்பது ஒரு சோலனாய்டு, மின்காந்தத்தால் நகரும் முள். கரன்ட் வந்தால்தான் அது விலகிச் சாவியை விடும். ஒயர் அறுந்தாலும் பியூஸ் போனாலும் சாவி உள்ளேயே இருக்கும். இந்தத் திசையை மட்டும் யாரும் மாற்றிவிடக் கூடாது என்று பேனல் கதவின் உட்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஷட்டர் இறங்கியதைச் சொல்ல முதலில் தொடாமலே உணரும் பிராக்ஸிமிட்டி சென்சார் வைத்தேன். ஆடி மாதம் வந்தது. காற்றில் ஷட்டர் ஆட ஆட, சிக்னல் வந்து வந்து போக, சோலனாய்டு கடகடவென்று அடித்துச் சூடாகி ஒன்று எரிந்தே போனது. ஷட்டர் வந்து அழுத்தினால் வேலை செய்யும், ரோலர் வைத்த லிமிட் சுவிட்சுக்கு மாறினேன். சிக்னல் மூன்று விநாடி நிலையாக நின்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளும் டைமர் ஒன்றையும் சேர்த்தேன். சுவிட்சின் கையில் அட்டைப்பெட்டித் தூசு அடைகிறது. வாரம் ஒருமுறை பிரஷ் போட வேண்டியிருக்கிறது. அதைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டோம்.

இன்னொரு நாள் கரன்ட் போனது. ஜெனரேட்டர் வந்தும் இந்தச் சர்க்யூட் அதில் இல்லை. வேலை முடிந்த ட்ரெய்லர் ஒன்று நாற்பது நிமிஷம் சும்மா நின்றது. சாவி பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த டிரைவர் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டிய நேரம் தவறியது. மறுநாளே பவர் சப்ளையை யூபிஎஸ் லைனுக்கு மாற்றினேன்.

வண்டி நகரலாமா என்று டிரைவருக்குக் காட்டும் விளக்கு விஷயத்தில் ஒரு தவறைக் கடைசி நேரத்தில் பிடித்தேன். சப்ளையர் கொடுத்த படத்தில் சிக்னல் விளக்கு எதிர்ப்பக்கம் இருந்தது, வெளிநாட்டு இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு வரைந்தது. நம் டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கக் கண்ணாடியில் பார்ப்பவர். யார்டில் நின்று டாக்கைப் பார்த்தால் இடதுகைப் பக்கம் விளக்கு இருக்க வேண்டும். ஒரு லாரியில் நானே ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்த பிறகுதான் துளை போட்டோம். உள்ளே பச்சை எரிந்தால் வெளியே சிவப்பு, வெளியே பச்சை என்றால் உள்ளே சிவப்பு. விளக்குக்குக் கீழே 'சிவப்பு எரிந்தால் நகராதே' என்று தமிழிலும் இந்தியிலும் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதச் சொன்னேன், கண்ணாடியில் நேராகத் தெரியட்டும் என்று. பெயின்டர் அண்ணன் முதலில் ஒரு தாளில் எழுதி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, பின்பக்கத்தை வரைந்துகொண்டு பிறகு சுவரில் ஏற்றினார். 'நகராதே'யின் 'றா', 'ரா' என்று ஒரு குழப்பமும் வராமல் சுத்தமாக வந்திருக்கிறது.

டிரைவர்களின் முதல் எதிர்ப்பு காற்றைப் பற்றி. "சிவப்பைப் புடுங்கினா ஏர் எல்லாம் போயிடும், மறுபடி ஏற எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?" என்று கேட்டார்கள். இழுவை வண்டிப் பக்கக் கப்ளிங்கில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு நல்லபடியாக இருந்தால் டேங்கில் காற்று நிற்கும், கழற்றும்போது 'புஸ்' என்று கொஞ்சம்தான் போகும். வால்வு கெட்ட வண்டிகளில் அவர்கள் சொல்வது உண்மைதான். அதற்காக யார்டில் ஒரு கம்ப்ரஸர் லைன் இழுத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு முணுமுணுப்பு குறைந்தது.

இந்தப் பூட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பழைய ட்ரெய்லர்கள் சிலவற்றில் ஸ்பிரிங் பிரேக், அதாவது காற்று போனாலும் ஸ்பிரிங் பலத்தில் பிடிக்கும் பிரேக் கிடையாது. சிவப்பைக் கழற்றியதும் டேங்கில் இருக்கும் காற்றுதான் பிரேக்கைப் பிடிக்கிறது. அந்தக் காற்று எங்காவது ஒழுகினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் பிடி தளர்ந்துவிடும். டேங்கின் அடியில் உள்ள வடிகால் திருகான டிரெயின் காக்கைத் திறந்தாலும் அதே கதிதான். யார்டுக்குள் தள்ளிவிடச் சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு. இன்னும் சில ட்ரெய்லர்களில், குழாய் இல்லாமலே பிரேக்கை விடுவிக்க ஒரு அமுக்குக் குமிழ் இருக்கும். ஆகவே பூட்டு மாட்டும் ஆள் ஆக்சில் பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். காற்றை வாங்கிப் பிரேக் பிடிக்கும் டப்பாவான பிரேக் சேம்பர் ஒற்றையா, ஸ்பிரிங் வைத்த இரட்டையா? பிரேக்கைத் தள்ளும் புஷ் ராடு வெளியே நீண்டு நிற்கிறதா? ஒற்றை என்றால் பூட்டோடு கட்டையும் போட வேண்டும், முன்பக்கம். ஒருமுறை கிளீனர் ஒருவர் பூட்டை மஞ்சளில் மாட்டிவிட்டார். சிவப்பும் மஞ்சளும் மாறி மாட்டாதபடி கப்ளிங்கில் ஒரு சின்னத் தடுப்பு உண்டு. அந்த ட்ரெய்லரில் யாரோ அதை அரத்தால் தேய்த்து எடுத்திருந்தார்கள், பெயின்ட்டும் போயிருந்தது. 'புஸ்' சத்தம் கேட்கவில்லையே என்று நின்ற தம்பியால்தான் அது தெரிந்தது. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்காமல் சாவியை வாங்கக் கூடாது என்பது அன்றிலிருந்து நடைமுறை.

பத்துச் சக்கர லாரிகளுக்கு இந்த வழி ஆகாது, அவற்றில் கழற்றக் குழாயே இல்லை. அவற்றுக்குக் கட்டையையே சாவியோடு கட்டினோம். கட்டை டாக் சுவரில் அதன் கூட்டில் பூட்டி இருக்கும். எடுத்துச் சக்கரத்தின் கீழ் போட்டால், டயர் அழுத்தும் இடத்தில் உள்ள சுவிட்ச் உள்ளே சிக்னல் கொடுக்கும். அந்த கேபிள் யார்டில் இழுபட்டு இரண்டு முறை அறுந்துவிட்டது. இப்போது அதை இரும்பு பிளெக்ஸிபிள் பைப்புக்குள் விட்டிருக்கிறேன். இது ட்ரெய்லர் பூட்டு அளவுக்கு எனக்கு நம்பிக்கை தரவில்லை. டிரைவர் முழு பலத்தோடு இழுத்தால் கட்டை தாங்காது. லாரி ஓட்டுநர்களின் இக்னிஷன் சாவியையும் வாங்கி அதே பெட்டிப் பக்கத்தில் தொங்கவிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு நகல் சாவி. இரண்டு மாதம் கழித்து ஷிப்ட் இன்சார்ஜின் மேஜை டிராயரில் ஒரு டெஸ்டர் தேடப்போய், இரண்டாம் டாக்கின் சாவிக்கு ஒரு நகலைப் பார்த்தேன். பித்தளை பளபளவென்று புதிதாக இருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சாவிக் கடையில் வெட்டியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வண்டிகள் தேங்கக் கூடாதே என்ற கவலை. ஆனால் ஒரே சாவிதான் என்பதில்தான் இந்த அமைப்பு முழுவதும் நிற்கிறது. இரண்டாவது சாவி ஒன்று இருந்தால் ஒன்று ட்ரெய்லரைத் திறக்கும், இன்னொன்று ஷட்டரைத் திறந்தே வைத்திருக்கும். அவரை நாலாம் டாக்குக்குக் கூட்டிப்போனேன். அந்தத் தழும்பின் மேல் கையை வைக்கச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவரே நகலை என் கையில் கொடுத்தார், பட்டறை வைஸில் வைத்து இரண்டாக உடைத்தோம். ஆறு சிலிண்டர்களையும் தெருக்கடையில் வெட்ட முடியாத வகைக்கு மாற்றினேன். உண்மையான அவசரத்துக்கு ஒரே ஒரு மாற்றுச் சாவி கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. கண்ணாடியை உடைத்தால் பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் யார்டில் போய் ட்ரெய்லரைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். இதுவரை ஒருமுறை உடைந்திருக்கிறது, சோலனாய்டின் ஸ்பிரிங் மாட்டிக்கொண்ட அன்று.

எதிர்பாராத ஒரு நல்லதும் நடந்தது. டிரைவர்கள் இப்போது சாவியைக் கொடுத்துவிட்டு ஓய்வறைக்குப் போய்ப் படுக்கிறார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவர், "முன்னாடி எல்லாம் எப்ப கதவைத் தட்டுவானோன்னு ஒரு காது முழிச்சுக்கிட்டே இருக்கும் சார், இப்பத்தான் கண்ணசருது" என்றார். ரெஸ்ட் ரூமில் இரண்டு மின்விசிறி கூடுதலாகக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இழுவை வண்டியைக் கழற்றிக்கொண்டு போய், ட்ரெய்லரை அதன் முன்காலில் மட்டும் நிறுத்திவிட்டுப் போகும் வண்டிகள்தான் அடுத்து. போர்க்லிப்ட் கன்டெய்னரின் உள்முனைவரை போகும்போது எடை முழுவதும் அந்த ஒல்லிக் கால்கள் மேல் இறங்குகிறது. சித்திரை வெயிலில் தார்த்தளம் இளகி, கால்கள் இரண்டு அங்குலம் அமிழ்ந்ததை நானே பார்த்தேன். இப்போதைக்குக் கால்களின் அடியில் 12 மில்லிமீட்டர் தகடு போடுகிறோம். மூக்குப் பக்கம் முட்டுக் கொடுக்கத் திருகு வைத்த இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டு வெல்டிங் முடிந்து பட்டறையில் நிற்கின்றன. அவற்றிலும் சாவிக்கு ஒரு இடம் விட்டிருக்கிறேன். ஸ்டாண்ட் ட்ரெய்லரைத் தொட்டால்தான் அந்தச் சாவி வெளியே வர வேண்டும். அதற்கான பின்னைப் பெரியவர் வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.